தாலியில் கோத்த சாவிகள்

நான் பிறவிப் பயந்தாங்கொள்ளி. பல்லிக்குப் பயம், இடிக்குப் பயம், தெரியாத நம்பரிலிருந்து வரும் அழைப்புக்கும் பயம். இப்படிப்பட்டவளைக் கொண்டுபோய்க் கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்தில் கட்டிக்கொடுத்தார்கள். தெலுக் இந்தானில் நான் வளர்ந்த இடம் தோசைக்கல் மாதிரி தட்டை. ரோட்டின் இந்த முனையில் நின்றால் அந்த முனையில் யார் வருகிறார்கள் என்று தெரியும். மலையில் பனி இறங்கிவிட்டால் எதிர் வீட்டுக் கதவுகூடத் தெரியாது. அந்தப் பனிக்குள் எங்கோ ஒரு மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்கும், வளைவில் தேய்ந்து போகும், மறுபடி கேட்கும். வருகிறதா போகிறதா என்று புரியாமல் நான் கையிலிருக்கும் கரண்டியோடு நிற்பேன்.

வந்த வாரமே என் பயத்துக்கு ஒரு துணை கிடைத்தது. பக்கத்து வீட்டு அக்கா. அவள் பெயரை இங்கே சொல்லப் போவதில்லை. நாங்கள் இருந்த லயத்திலும், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளிலும், யாரும் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பூட்டக்கா என்பார்கள். அவள் காதுபடவே சொல்வார்கள், அவளும் என்ன என்று திரும்பிப் பார்ப்பாள்.

குள்ளமான, உருண்டையான உடம்பு. காதை மூடிய கம்பளிக் குல்லாய். தேயிலை நாற்றுப் பண்ணையில் தண்ணீர் பாய்ச்சுகிற வேலை என்பதால் முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ். அவள் வீட்டுக்காரரிடம் ஒரு பழைய நீல நிற மோட்டார் இருந்தது. எங்கள் நாட்டில் மோட்டார் என்றாலே மோட்டார் சைக்கிள்தான். அந்த மோட்டாரை அவள் பூட்டி வைத்திருந்த விதத்தைப் பார்த்தால் ஏதோ சிறையிலிருந்து தப்பி வந்து பிடிபட்டது போல இருக்கும். கைப்பிடிக்கு ஒரு பூட்டு. முன் சக்கரத்துப் பிரேக் தட்டில் ஒரு பூட்டு. பின் சக்கரத்துக்குள் நுழைத்து, தகரக் கொட்டகையின் இரும்புத் தூணைச் சுற்றி ஒரு தடித்த சங்கிலி. அந்தச் சங்கிலிக்கு என் உள்ளங்கை அகலத்தில் ஒரு பித்தளைப் பூட்டு.

சாவிகளை அவள் தாலிக்கயிற்றில் கோத்திருந்தாள். மற்றப் பெண்கள் ஊக்கு மாட்டி வைக்கிற இடத்தில் இவளுக்குச் சாவிக் கொத்து. பூட்டைத் திறக்க வேண்டுமென்றால் சாவியைக் கழற்ற மாட்டாள். மோட்டாருக்குப் பக்கத்தில் குந்தி, கழுத்தை நீட்டி, நெஞ்சைப் பூட்டோடு ஒட்டிக்கொண்டு திறப்பாள். பூட்டிடம் வீட்டு ரகசியம் சொல்வது போல இருக்கும்.

"ஏங்க்கா, சாவிய ஒரு ஆணியில மாட்டி வெச்சா என்னா?" என்று கேட்டேன்.

"ஆணியில மாட்டுனா எவன் வேணாலும் எடுப்பான். இங்க எவன் கைய வைப்பான்?" என்றாள்.



எனக்கு அப்பா வாங்கிக் கொடுத்த மோட்டார் ஒன்று இருந்தது. அதற்கும் அவளே பூட்டு வாங்கிவர வைத்தாள். நான் பூட்டிவிட்டு நாலடி நடந்ததும் பின்னாலிருந்து குரல் வரும். "பூட்டிட்டியா? திரும்பப் போயி இழுத்துப் பாரு." இழுத்துப் பார்ப்பேன். "நல்லா இழு லா, பலகாரம் பிக்கிற மாதிரி இழுக்கிற." மறுபடி இழுப்பேன். பிரிஞ்சாங் இரவுச் சந்தைக்கு அவளோடு போனால் கீரைக்கட்டு வாங்குவதற்குள் ஒரு தடவை, மீன் வாங்குவதற்குள் ஒரு தடவை என்று மோட்டார் நிறுத்தின இடத்துக்கு ஓடி வருவோம். ஒரு நாள் என் முன் சக்கரப் பூட்டைக் கழற்ற மறந்து கிளம்பி, சந்தை வாசலில் அத்தனை பேருக்கும் எதிரில் விழுந்தேன். முழங்கால் ரத்தத்தைத் துடைத்துக்கொண்டே அவள் சொன்னாள்: "பாத்தியா, பூட்டு எப்படி வேலை செய்யுது."

லயத்து வாட்சப் குழுவில் அவள் குரல்தான் அதிகம். அவளுக்கு எழுத வராது, அதனால் பேசி அனுப்புவாள். வெயில் தாழும் நேரத்தில் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரே குரல் கொஞ்சம் முன்னே பின்னேயாகக் கேட்கும். "எல்லாருக்கும் வணக்கம். திரிங்காப் பக்கம் ஒரு வெள்ளை வேன் சுத்துதாம். மோட்டார அப்படியே தூக்கி உள்ள போட்டுக்கிட்டு எறங்கிருவானுங்களாம். பூட்டிட்டு இழுத்துப் பாருங்க." மலையில் ஒன்றிரண்டு மோட்டார் காணாமல் போனது உண்மைதான். ஆனால் எங்கள் லயத்தில் ஒரு செருப்புகூடக் காணாமல் போனதில்லை. அது எனக்கு உறைக்கவே இல்லை. வெள்ளை வேன் எதைப் பார்த்தாலும் உள்ளே ஓடிவிடுவேன். ரொட்டி கொண்டுவருகிற வேனுக்குக்கூடக் கதவைச் சாத்தியிருக்கிறேன். என் வீட்டுக்காரர் சிரியோ சிரி என்று சிரித்தார்.

அவள் வீட்டுக்காரரை நான் மாமா என்றுதான் கூப்பிடுவேன். தேயிலை பெக்டரியில் இலை உலர்த்துகிற இயந்திரத்தைப் பார்த்துக்கொள்கிறவர். ஒல்லியான, வெட்கப்படுகிற மனிதர். என்னோடு பேசும்போது என் வீட்டு வாசல்படியைப் பார்த்துத்தான் பேசுவார். வேலை விட்டு வந்து குளித்து, தலை சீவி, சட்டை மாற்றிக்கொண்டு மோட்டாருக்குப் பக்கத்தில் வந்து நிற்பார். டவுனுக்குப் போய்வர வேண்டும் என்பார். அக்கா வந்து குந்துவாள். ஒரு பூட்டு திறக்கும். அடுத்தது சிக்கிக்கொள்ளும்.

"என்னா, இன்னும் ஆகலயா?"

"சாவி சுத்தமாட்டேங்குதுங்க. பனி எறங்கி எறங்கிப் புடிச்சிக்கிச்சி."

அவர் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். பனி தோளில் இறங்கும். அக்கா பூட்டைத் தட்டுவாள், ஊதுவாள், திட்டுவாள். கடைசியில் அவர், "சரி விடு, நாளைக்குப் பாக்கலாம்" என்று உள்ளே போய்விடுவார். சில நாட்களில் பூட்டு திறந்துவிடும். அந்த நாட்களில் அக்கா என் அடுக்களைக்கு வந்து உட்கார்ந்துகொண்டு என் வெங்காயத்தையெல்லாம் உரித்துப் போடுவாள். தூரத்தில் மோட்டார் சத்தம் கேட்டால் அவள் கை நின்றுவிடும்.

ஒரு நாள் காலையில் எனக்குத் தலைவலி, வேலைக்குப் போகவில்லை. சன்னல் வழியாகப் பார்த்தால் அக்கா கொட்டகையில் குந்திக்கொண்டு ஒரு சின்னக் குப்பியிலிருந்து பூட்டுக்குள் எதையோ சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டிருந்தாள். எனக்கும் பூட்டுக்கு எண்ணெய் போட வேண்டியிருந்ததால் வெளியே வந்தேன்.

"மீதி இருந்தா எனக்கும் குடுங்கக்கா. எண்ணெய்தானே?"

அவள் திடுக்கிட்டுக் குப்பியை முந்தானைக்குள் மறைத்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். மறைத்துப் பயனில்லை என்று தோன்றியிருக்க வேண்டும்.

"உப்புத்தண்ணி" என்றாள்.

"ஐயோ, துருப்பிடிச்சிருமே!"

"புடிக்கட்டும்."

என்னைத் தன் பக்கத்தில் உட்காரச் சொன்னாள். அவள் குரல் வாட்சப்பில் கேட்கிற குரலாக இல்லை.

"சாயங்காலம் ஆனா அவருக்குக் கால் நிக்காது தங்கச்சி. டவுனுக்குப் போனா குடிக்காம வரமாட்டாரு. குடிச்சிட்டா சிரிச்சிக்கிட்டே கைய விட்டுட்டு ஓட்டுவாரு. அவங்கப்பா முனியாண்டி கோயில் வளைவுலதான் செத்தாரு. இவரும் அதே எடத்துல ரோட்டோரச் சாக்கடைக் கானுக்குள்ள விழுந்து கெடந்தாரு. முட்டைக்கோசு ஏத்திக்கிட்டுப் போன லோரிக்காரன் பாத்துத் தூக்கிட்டு வந்தான்."

"போக வேணாம்னு நேரா சொல்லிப் பாருங்களேன்க்கா."

"சொன்னா, நான் என்னா குடிகாரனான்னு கேப்பாரு. ஆமாங்கன்னு சொல்லச் சொல்றியா? அந்த வார்த்தை என் வாயில வந்திருச்சின்னா அப்புறம் அந்த மனுசன் வீட்ல தலை நிமிந்து சோறு திங்கமாட்டாரு. பூட்டு சிக்குச்சின்னா, சிக்குச்சி. பூட்டு மேல அவருக்கு என்னா கோவம் வரப்போவுது?"

"அப்போ அந்தத் திருடன், வேன்..."

"திருடன் இல்லன்னா பூட்டு எதுக்குன்னு கேப்பாருல்ல?"

அன்றைக்குத்தான் என் பயம் இடம் மாறியது. இத்தனை நாள் யாருக்குப் பயந்து கதவைச் சாத்தினேனோ அந்த ஆளே கிடையாது. அதற்குப் பதில் முனியாண்டி கோயில் வளைவு எனக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. நான் யாரிடமும் சொல்லமாட்டேன் என்று அவள் தலையில் அடித்துச் சத்தியம் செய்தேன். என் வீட்டுக்காரரிடமும் சொல்லவில்லை.

ஆனால் திருடன் அவள் கையை விட்டுப் போய்விட்டான். அவள் ஒரு வேன் என்றாள். குழுவில் அது வேன் கூட்டமாகிவிட்டது. பார்த்தேன் என்று சொல்லவும் ஆட்கள் வந்துவிட்டார்கள். ஒருவர் கத்தி வைத்திருந்தான் என்றார், இன்னொருவர் வெளிநாட்டுக்காரன் என்றார். எங்கள் தேயிலைக்கு அடுத்த மலையில் காய்கறித் தோட்டங்கள். அங்கே வங்காளதேசத்திலிருந்து வந்தவர்கள் வேலை செய்தார்கள். ஞாயிற்றுக்கிழமை தேயிலைக்கு நடுவிலுள்ள ஒற்றையடிப் பாதையில் நடந்து எங்கள் தோட்டத்துக் கடைக்கு வருவார்கள். இப்போது ஆண்கள் தடியோடு அந்தப் பாதையில் நின்று அவர்களை நிறுத்தி விசாரிக்க ஆரம்பித்தார்கள். அக்கா அந்தக் குரல் செய்திகளைக் கேட்டுவிட்டு, "நான் இப்படியா சொன்னேன்?" என்று என்னிடம் கேட்டாள். பயமாக இருக்கிறது என்று அவளே ஒரு நாள் சொன்னாள்.

அப்போதுதான் தானா ராத்தாவில் மாமாவின் கூட்டாளி வீட்டுக் கல்யாணம் வந்தது. முந்தின நாள் சாயங்காலம் பூட்டு நிஜமாகவே அவரைச் சோதித்திருக்க வேண்டும். சத்தம் போடாத மனிதர் சத்தம் போட்டார். "நாளைக்கு பெக்டரியிலேருந்து வெட்டுற மிசின் கொண்டாந்து இந்தச் சனியன் எல்லாத்தையும் வெட்டித் தூக்கிப் போடுறேன். கல்யாணத்துக்குப் போயிட்டு வரப்ப புதுப் பூட்டாவே வாங்கிட்டு வரேன்." சுவருக்கு இந்தப் பக்கம் எனக்கு எல்லாம் கேட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலை மாமாவின் அலறல் கேட்டுத்தான் கதவைத் திறந்தேன். "மோட்டார காணோம்! தூக்கிட்டானுங்க!"

லயமே கூடிவிட்டது. பனி இன்னும் விலகவில்லை. கொட்டகையில் மோட்டார் இல்லை. தூணடியில் சங்கிலி சுருண்டு கிடந்தது, பித்தளைப் பூட்டு வாயைத் திறந்துகொண்டு அதிலேயே தொங்கியது. சங்கிலி அறுபடவில்லை. பூட்டு உடையவில்லை. சாவி போட்டுத் திறந்திருக்கிறது. சாவி எங்கே இருக்கும் என்று லயத்துக்கே தெரியும். ஆனால் யாருக்கும் அதை யோசிக்க அவகாசமில்லை. எத்தனையோ நாளாகக் காத்திருந்த திருடன் வந்துவிட்டான், அவ்வளவுதான்.

அந்த நேரம் பார்த்து ஒற்றையடிப் பாதையில் வங்காளதேசத்து ஆள் ஒருவன் வந்தான். தோளில் ஒரு பை. அவனைப் பிடித்துப் பையைக் கொட்டிப் பார்த்தால் கம்பி வெட்டுகிற குறடு. காய்கறித் தோட்டத்தில் பிளாஸ்டிக் கூடாரங்களுக்குக் கம்பி கட்டுகிறவர்கள் எல்லாரும் அதை வைத்திருப்பார்கள். அன்றைக்கு அது போதுமானதாக இருந்தது. முதல் அடி விழுந்த சத்தம் எனக்கு இப்போதும் கேட்கிறது. அவனைத் தூணைக் கட்டிப்பிடிக்கிற மாதிரி உட்காரவைத்து, அக்காவின் சங்கிலியையே மணிக்கட்டுகளில் சுற்றி, பூட்டை மாட்டி அழுத்தியது மாமா. வாசல்படியைப் பார்த்துப் பேசுகிற அந்த மாமாதான்.

"போஸ், சாயா தா சூரி" என்று அவன் திரும்பத் திரும்பச் சொன்னான். நான் திருடவில்லை என்று மலாயில் சொன்னான்.

"மோட்டார எங்கடா எறக்குன? உங்காளுங்க எங்க?"

"போலீசுக்குச் சொல்லலாம்" என்றது ஒரு குரல்.

"போலீஸ் வேணாம். இவன்கிட்ட பாஸ்போட்டே இருக்காது, எவன்கிட்டயும் போயிச் சொல்லமாட்டான். கைய ஒடிச்சி அனுப்புவோம்."

இதைச் சொன்னவர் எங்கள் வீட்டில் கொழுக்கட்டை வாங்கித் தின்றவர். பக்கத்தில் என் வீட்டுக்காரர் நின்றார், அவர் கையிலும் தேயிலைக் கட்டை. நான் அவர் தோளைத் தொட்டேன். "நீ உள்ள போ" என்றார். அந்த முகத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. பனியைவிட, வேனைவிட, அந்த முகத்துக்குத்தான் என் வாழ்க்கையிலேயே அதிகம் பயந்தேன்.

அக்கா நாற்றுப் பண்ணையில் இருப்பாள். ஞாயிற்றுக்கிழமையும் நாற்றுக்குத் தண்ணீர் விட வேண்டும். தேயிலைச் செடிகள் காலைக் கீற, வழுக்கி விழுந்து எழுந்து ஓடினேன். அவள் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அக்கா, மோட்டார் எங்க?"

"உரக் கொட்டகைக்குப் பின்னால, படுதா போட்டு மூடிட்டேன்" என்றாள், என்னைப் பார்க்காமலே. "கல்யாணம் முடியட்டும். சாயங்காலம் கண்டுபிடிச்ச மாதிரி சொல்லிக்கலாம்."

"ஒரு ஆளப் புடிச்சிட்டாங்கக்கா. அடிக்கிறாங்க. கைய ஒடிக்கப் போறாங்க."

தண்ணீர் ஒரே இடத்தில் கொட்டி மண்ணைக் கரைத்துக்கொண்டிருந்தது. "எல்லார் முன்னாடியும் அவர நான் எப்படி..." என்றாள். அவள் வரமாட்டாள் என்று எனக்குத் தோன்றிவிட்டது.

"அந்த ஆள் கையில மாட்டியிருக்கிறது உங்க சங்கிலிக்கா. பூட்டுனது மாமா."

குழாய் கீழே விழுந்தது. அந்த உடம்பை வைத்துக்கொண்டு அவள் அப்படி ஓடுவாள் என்று நான் நினைக்கவில்லை.

நாங்கள் போனபோது அந்த ஆள் சத்தம் போடுவதை நிறுத்தியிருந்தான். வாயோரம் ரத்தம். அவன் விரல்களைத் தூணில் விரித்து வைத்து ஒருவர் அழுத்திப் பிடித்திருந்தார். மாமா கையில் இரும்புக் குழாய். அக்கா கூட்டத்தைப் பிளந்துகொண்டு போய் அந்த ஆளுக்கும் குழாய்க்கும் நடுவில் மண்டியிட்டாள். தாலிக்கயிற்றை வெளியே இழுத்தாள். கழுத்தை நீட்டி, தன் நெஞ்சை அந்த அந்நியனின் மணிக்கட்டோடு ஒட்டிக்கொண்டு, பூட்டில் சாவியைப் போட்டாள்.

சாவி சுற்றவில்லை.

"என்னா பண்ற நீ? எந்திரி!" என்று மாமா கத்தினார்.

"திருடன் யாரும் இல்லைங்க." அவள் திரும்பிப் பார்க்கவில்லை. சாவியைத் திருகிக்கொண்டே பேசினாள். "மோட்டார நான்தான் தள்ளிக்கிட்டுப் போயி ஒளிச்சி வெச்சேன். வேனும் இல்ல, ஒரு மயிரும் இல்ல. எல்லாம் நான் சொன்ன பொய்யி."

யாரும் அசையவில்லை. சாவி சுற்றவில்லை. அத்தனை நாள் அவள் ஊற்றிய உப்பு இப்போது அவளுக்கே எதிராகப் பிடித்துக்கொண்டது. அவள் பூட்டைத் தட்டினாள், ஊதினாள், வழக்கமாகச் செய்வதையெல்லாம் செய்தாள். ஒவ்வொரு தடவை இழுக்கும்போதும் அந்த ஆள் வலியில் முனகினான். "தங்கச்சி, எண்ணெய்! எண்ணெய் கொண்டா!" என்று அவள் கதறினாள். நான் ஓடிப்போய்த் தேங்காய் எண்ணெய் போத்தலை எடுத்து வந்து பூட்டிலும் அந்தக் கைகளிலும் கவிழ்த்தேன்.

மாமா அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். குந்தியிருக்கும் பெண்டாட்டி, சுற்றாத சாவி, தட்டல், ஊதல். எத்தனை சாயங்காலம் இதைக் கையைக் கட்டிக்கொண்டு பார்த்திருப்பார். அவர் முகத்தில் ஒன்றொன்றாக ஏதோ விழுந்துகொண்டே வந்தது.

"அப்ப தினமும் சிக்குனது?" என்றார், மெதுவாக.

"உப்புத்தண்ணி."

"ஏன்?"

பூட்டு கடக்கென்று திறந்தது. சங்கிலியைப் பிரித்து எடுத்துவிட்டு, அந்த ஆளின் மணிக்கட்டைத் தன் முந்தானையால் துடைத்துக்கொண்டே சொன்னாள். "நீங்க குடிச்சிட்டு செத்துப் போயிருவீங்கன்னு பயமா இருந்துச்சி."

இரும்புக் குழாய் சிமெண்டுத் தரையில் விழுந்த சத்தம் கேட்டது. என் வீட்டுக்காரர் கையிலிருந்த கட்டையை எங்கே போடுவது என்று தெரியாமல் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டார். அக்கா தண்ணீர் கொடுத்தாள். அந்த ஆள் குடிக்கவில்லை, அதிலும் ஏதோ இருக்கும் என்று பயந்தான் போல. சிதறின பொருட்களைப் பையில் அள்ளிக்கொண்டு, எங்களுக்கு முதுகைக் காட்டாமல் பின்னாலேயே நடந்து, பனிக்குள் போனதும் ஓடினான். அவனிடம் மன்னிப்புக் கேட்கக்கூட எங்களில் ஒருவருக்கும் வாய் வரவில்லை. குழுவில் அன்றைக்கு ஒரு குரலும் இல்லை.

மாமா கல்யாணத்துக்குப் போகவில்லை.

மறுநாள் வேலைக்குக் கிளம்புகிற நேரம். மாமா உரக் கொட்டகையிலிருந்து மோட்டாரைத் தள்ளிக்கொண்டு வந்து தூணடியில் நிறுத்தினார். சங்கிலியை அவரே சுற்றினார். பூட்டினார். இழுத்துப் பார்த்தார். அக்கா ராத்திரியே சாவிகளைத் தாலியிலிருந்து கழற்றி மேசையில் போட்டுவிட்டிருக்கிறாள். அவற்றை எடுத்து வந்து, பூட்ஸ் மாட்டிக்கொண்டிருந்தவளிடம் நீட்டினார்.

"நீயே வெச்சிக்க புள்ள."

அவள் கையை நீட்டவில்லை.

"வேணாங்க. என்னால முடிஞ்ச மட்டும் பயந்துட்டேன். இனிமே நீங்களே பயந்துக்குங்க."

சொல்லிவிட்டு அவள் தேயிலைக்குள் ஏறிப் போய்விட்டாள். மாமா நீட்டிய கையோடு நின்றார். கொஞ்ச நேரம் கழித்து வாசல் நிலையில் ஒரு ஆணி அடித்துச் சாவியை மாட்டிவிட்டு, பெக்டரிக்கு நடந்து போனார்.

அந்த ஆணி என் அடுக்களைச் சன்னலிலிருந்து நேராகத் தெரியும். அவர் குடியை விட்டுவிட்டார் என்று சொல்ல எனக்கும் ஆசைதான். பல நாள் சாவி ஆணியிலேயே இருந்தது. குளித்துத் தலை சீவிக்கொண்டு வந்து அதைப் பார்த்துக்கொண்டே நிற்பார், பிறகு உள்ளே போவார். சில நாள் ஆணி வெறுமையாக இருக்கும். அப்போது அக்கா என் அடுக்களைக்கு வருவாள், நான் கேட்காமலே வெங்காயக் கூடையை அவள் முன்னால் நகர்த்துவேன்.

இப்போது நாங்கள் ஈப்போவில் இருக்கிறோம். தட்டையான ஊர், விளக்குப் போட்ட நேரான ரோடு. மாமா நன்றாக இருக்கிறார் என்று அக்கா போனில் சொல்கிறாள். எந்த நேரத்தில் கூப்பிட்டாலும் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்.

"அக்கா, சாவி ஆணியில இருக்கா?"

அவள் எட்டிப் பார்த்துவிட்டுச் சொல்லும் வரை நான் மூச்சு விடுவதில்லை.